நிறமின்றி உருளும் படம்: பழைய கமடோர் 64இன் காம்போசிட் வெளியீட்டைச் சோதிக்கும் முறை

தோ பாயோவில் உங்கள் பெரியப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது சேமிப்பறையில் கிடைத்த கமடோர் 64 கணினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கப்பலில் வேலை பார்த்த அவர் 1980களில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அதை வாங்கி வந்திருக்கிறார். மின்வழங்கியின் பிளக்கில் இரண்டு தட்டை முனைகள் இருக்கின்றன. கூடவே கிடைத்த 110 வோல்ட் ஸ்டெப் டவுன் பெட்டியின் வழியாக மின்சாரம் கொடுத்து, இணையத்தில் வாங்கிய வயரின் மஞ்சள் முனையைத் தொலைக்காட்சியில் சொருகினால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது, அவ்வப்போது உருள்கிறது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு தோன்றி மறைகிறது. கணினியின் சுற்றுப் பலகையில் உள்ள மின்தேக்கிகளை எல்லாம் மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். எழுத்துகள் தெரிகின்றன என்றால் அந்தக் கணினியின் செயலி, நினைவகம், விக்-2 என்ற காணொளிச் சில்லு ஆகிய மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். நாற்பது ஆண்டுப் பலகையில் தேவையில்லாமல் சூடேற்றும் ஒவ்வோர் இடத்திலும் செப்புத் தடம் பெயர்ந்துவரும் வாய்ப்பு இருக்கிறது. காம்போசிட் எனப்படும் இந்த மஞ்சள் வயர் ஒன்றுதான் என்றாலும் அதற்குள் மூன்று விஷயங்கள் பயணம் செய்கின்றன. வரியும் திரையும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு, வெளிச்சத்தைச் சொல்லும் லூமா, நிறத்தைச் சொல்லும் குரோமா ஆகியவையே அந்த மூன்று. திரையில் தெரியும் ஒவ்வொரு கோளாறும் இவற்றில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தது. எது என்று படத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பற்றவைப்புக் கோலைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

ஆனால் படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்தப் பழைய மின்வழங்கியை இனிமேல் சொருகாதீர்கள். கமடோர் 64இன் மின்வழங்கி இரண்டு மின்னழுத்தங்களைத் தருகிறது. ஒன்று 5 வோல்ட் நேர்மின்சாரம், மற்றொன்று 9 வோல்ட் மாறுமின்சாரம். 5 வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட பெட்டிக்குள் இருப்பதால் சூடு வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் வெந்துகொண்டே இருக்கிறது. அது பழுதாகும்போது மின்னழுத்தம் பெரும்பாலும் குறைவதில்லை, ஏறுகிறது. கணினியில் பாதுகாப்பு எதுவும் இல்லாததால் அந்த ஏற்றம் நேராக நினைவகச் சில்லுகளுக்குப் போகிறது. ஒருமுறை ஒரு நண்பர் கொடுத்த கமடோரை என் மேசையில் இரவு முழுவதும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை மீண்டும் போட்டேன். நீலத் திரை இரண்டு விநாடி தெரிந்தது, பிறகு கறுத்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 7.1 வோல்ட் காட்டியது. எட்டு நினைவகச் சில்லுகளில் மூன்றும், எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சில்லும் போய்விட்டன. முந்தைய இரவே இரண்டு நிமிடம் செலவழித்து அளந்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திருக்காது என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அந்த மின்வழங்கி அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. ஸ்டெப் டவுன் பெட்டி சிங்கப்பூரின் 230 வோல்ட்டைக் குறைக்குமே தவிர, இங்குள்ள 50 ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து சுற்றப்பட்ட மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது கூடுதல் மின்னோட்டம் இழுத்து இன்னும் சூடாகும், அந்தச் சூடு நேராக ரெகுலேட்டரின் ஆயுளில் கை வைக்கும். 230 வோல்ட்டில் ஓடும், இன்றைய ரெகுலேட்டர் பொருத்திய புதிய மின்வழங்கி ஒன்றை வாங்கிவிட்டால் இரண்டு கவலைகளும் ஒரே நேரத்தில் தீரும். அதை வாங்கிய பிறகும் கணினியில் சொருகும் முன் அளந்து பாருங்கள். டின் என்ற வட்ட வகையைச் சேர்ந்த அதன் ஏழு முனைப் பிளக்கில் 5ஆவது முனைக்கும் 2ஆவது முனைக்கும் இடையே 5 வோல்ட்டும், இரு ஓரங்களில் உள்ள 6, 7 ஆகிய முனைகளுக்கு இடையே 9 வோல்ட் மாறுமின்சாரமும் வரவேண்டும். சுமை இல்லாதபோது 9 வோல்ட் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஆனால் 5 வோல்ட் 5.2ஐத் தாண்டினால் அந்த மின்வழங்கி வேண்டாம். சிம் லிம் டவரில் கிடைக்கும் 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைக் குறுக்கே வைத்து ஒரு ஆம்பியர் இழுக்கவிட்டு அளந்தால் இன்னும் நம்பகமான விடை கிடைக்கும். மின்தடை சுடும், அதைக் கையில் பிடிக்க வேண்டாம்.

இனிப் படத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் முதல் இரண்டும், அதாவது நிறம் இல்லாமையும் உருளுதலும், அந்தத் தட்டை முனைப் பிளக்கோடு சேர்த்துப் பார்த்தால் ஒரே காரணத்தைச் சுட்டுகின்றன. இந்தக் கணினி அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் படம் அனுப்புகிறது என்றே நினைக்கிறேன். சிங்கப்பூர் ஒளிபரப்பு பிஏஎல் முறையைப் பின்பற்றியது. பிஏஎல் முறையில் விநாடிக்கு 50 முறை திரை வரையப்படும், நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வரும். என்டிஎஸ்சியில் திரை ஏறக்குறைய 60 முறை வரையப்படும், நிறம் 3.58 மெகாஹெர்ட்ஸில் வரும். இரண்டிலும் ஒரு வரியை வரையும் நேரம் ஏறத்தாழ 64 மைக்ரோவிநாடிதான் என்பதால் பிஏஎல்லுக்கு மட்டும் பழகிய பெட்டி வரிகளைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறது, எழுத்துகளும் தெரிகின்றன. ஆனால் திரை எப்போது முடிகிறது என்ற கணக்கு ஒத்துப்போகாததால் படம் உருள்கிறது. நிறத்தைத் தேடும் இடத்தில் எதுவும் கிடைக்காததால் பெட்டி நிறத்தை அணைத்துவிடுகிறது. இதில் எதுவும் பழுது அல்ல.

ஊகத்தை உறுதிப்படுத்த கணினியைத் திறக்க வேண்டியதில்லை. தொடக்கத் திரையில் 38911 என்ற எண்ணும் அதன் கீழே துடிக்கும் கட்டமும் தெரிந்தவுடன், பிரிண்ட் கட்டளையும் பீக் கட்டளையும் சேர்த்து, PRINT PEEK(678) என்று தட்டி, 678ஆம் நினைவக முகவரியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். விடை 0 என்றால் என்டிஎஸ்சி, 1 என்றால் பிஏஎல். கணினி இயங்கத் தொடங்கும்போது விக்-2 எத்தனை வரிகள் வரைகிறது என்பதைத் தானே சோதித்து அங்கே குறித்துவைக்கிறது. மின்வழங்கியின் லேபிளை விட இந்த விடையை நம்பலாம், ஏனெனில் மின்வழங்கியை மாற்றுவதால் படத்தின் முறை மாறாது. முறையைத் தீர்மானிப்பவை பலகையில் உள்ள விக்-2 சில்லும் அதற்கு அருகில் இருந்து சீரான துடிப்பைத் தரும் படிகமும் மட்டுமே. திறந்து பார்க்க நேர்ந்தால், 6567 அல்லது 8562 என்ற சில்லும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகமும் என்டிஎஸ்சி. 6569 அல்லது 8565 என்ற சில்லும் 17.734475 மெகாஹெர்ட்ஸ் படிகமும் பிஏஎல். சில்லு ஒரு முறையிலும் படிகம் மற்றொரு முறையிலும் இருந்தால், முன்பு யாரோ சில்லை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த நிலையில் எந்தத் தொலைக்காட்சியிலும் நிறம் வராது.

விடை 0 என்று வந்தால் தொலைக்காட்சியின் பட்டியலில் வண்ண முறை என்ற அமைப்பைத் தேடுங்கள். இங்கு விற்ற பெட்டிகளில் பல இரண்டு முறைகளையும் அறிந்தவை. ஆனால் சில ‘தானாக’ என்ற நிலையில் தவறாக முடிவெடுக்கும், சிலவற்றை முந்தைய உரிமையாளர் பிஏஎல்லில் பூட்டிவைத்திருப்பார். பட்டியலில் என்டிஎஸ்சி 3.58, என்டிஎஸ்சி 4.43 என்று இரண்டு இருந்தால் 3.58ஐத் தேர்ந்தெடுங்கள். 4.43 என்பது பிஏஎல் நாடுகளில் இருந்த வீடியோ கருவிகள் அமெரிக்க நாடாக்களை ஓட்டுவதற்காகச் செய்த ஒரு சமரச ஏற்பாடு, கணினிக்கு அது பொருந்தாது. கணினியைப் பிஏஎல்லுக்கு மாற்றச் சொல்லி யாராவது ஆலோசனை கூறினால் கேட்காதீர்கள். அதற்குச் சில்லு, படிகம், பலகையின் இணைப்பு எல்லாவற்றையும் தொடவேண்டும். உங்கள் பெரியப்பா வாங்கியபோது இருந்த நிலையிலேயே அது இருக்கட்டும்.

மூன்றாவது அறிகுறியான ‘சிக்னல் இல்லை’ அறிவிப்புக்குக் காரணம் தொலைக்காட்சியாகவும் இருக்கலாம், கணினியாகவும் இருக்கலாம். ஒளிபரப்பு முறையில் ஒரு திரை இரண்டு பாதிகளாக வரையப்படும். என்டிஎஸ்சியில் ஒவ்வொரு பாதிக்கும் 262.5 வரிகள், அந்த அரை வரியால்தான் இரண்டாம் பாதி முதல் பாதியின் இடைவெளிகளில் சென்று அமர்கிறது. அந்தக் காலக் கணினிகள் அரை வரியை விட்டுவிட்டு முழு எண்ணிக்கையில் வரைந்தன. என்டிஎஸ்சி கமடோர் பெரும்பாலும் 263 வரிகளும், பிஏஎல் கமடோர் 312 வரிகளும் வரைகின்றன. படக்குழாய்த் தொலைக்காட்சி இதைப் பொருட்படுத்தாது, வந்த துடிப்பைப் பின்பற்றி வரைந்துவிடும். தட்டைத் திரையில் உள்ள சில்லோ சமிக்ஞையை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணினி ஒரு விநாடியில் 59.83 முறை வரைகிறது, பெட்டி 59.94ஐ எதிர்பார்க்கிறது. பொறுமையான பெட்டி ஏற்றுக்கொள்ளும், கண்டிப்பான பெட்டி கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கைவிட்டுவிடும். மலிவான காம்போசிட்-எச்டிஎம்ஐ மாற்றிகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன.

எனவே சோதனைக்கு இன்னொரு திரை கட்டாயம் வேண்டும். முன்பு சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் சிறிய படக்குழாய்ப் பெட்டியைச் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். 2017 ஜூலை 10ஆம் தேதி அது மூடப்பட்ட பிறகு கேரோசல் என்ற இணையச் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கிறது. அது கிடைக்காவிட்டால், கார்களில் பின்னோக்கும் கேமராவுக்காகப் பொருத்தும் 4.3 அங்குலத் திரையை வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடும், மஞ்சள் முனையைத் தாங்கும், பெரும்பாலும் இரண்டு முறைகளையும் தானாக அறிந்துகொள்ளும், இந்த அரை வரிக் கணக்கையெல்லாம் அதிகம் பார்க்காது. என் கருவிப் பெட்டியில், சமிக்ஞையின் வடிவத்தை வரைந்து காட்டும் அலைநோக்கிக்கு அடுத்தபடி நான் அதிகம் எடுப்பது அந்தச் சிறு திரையைத்தான். அதில் படம் நிறத்தோடு அசையாமல் நின்றால் கணினி நலமாக இருக்கிறது, தொலைக்காட்சிதான் ஒத்துழைக்கவில்லை என்று முடிவு செய்யலாம்.

தொலைக்காட்சியின் பின்புறத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. புதிய பெட்டிகள் பலவற்றில் மஞ்சளுக்கென்று தனிச் சாக்கெட் கிடையாது. காம்போனென்ட் இணைப்பின் பச்சைச் சாக்கெட்டே மஞ்சளுக்கும் பயன்படுகிறது. பட்டியலில் காம்போனென்ட் என்று தேர்ந்திருந்தால், பெட்டி வரும் சமிக்ஞையை லூமா மட்டும் என்று எடுத்துக்கொண்டு நிறமில்லாத படத்தைத்தான் காட்டும். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் மாட்டும் வயர் என்றால், அதன் நான்கு வளையங்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகிறது, ஆகவே பெட்டியோடு வந்த வயரைத் தவிர வேறு எதையும் நம்ப முடியாது.

கணினிப் பக்க வயரையும் சந்தேகிக்க வேண்டும். கமடோரின் காணொளிச் சாக்கெட் தொடக்கக் காலப் பலகைகளில் ஐந்து முனையும், பிறகு வந்தவற்றில் எட்டு முனையும் கொண்ட டின் வகை. 1ஆவது முனையில் லூமா, 2இல் நிலம் (கிரவுண்ட்), 3இல் ஒலி, 4இல் காம்போசிட், எட்டு முனைச் சாக்கெட்டில் 6இல் குரோமா. இணையத்தில் விற்கும் வயர்களில் 1ஆவது முனையை மஞ்சளுக்குக் கொடுத்துவிடுகிறவை உண்டு. அப்படியிருந்தால் கூர்மையான, தெளிவான, துளியும் நிறமில்லாத படம் கிடைக்கும். காம்போசிட்டில் எழுத்தின் ஓரங்களில் எப்போதும் சிறிது நிறக் கசிவு இருக்கும் என்பதால், உங்கள் படம் சந்தேகப்படும் அளவுக்கு அழகாக இருந்தால் முதலில் வயரைப் பாருங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, மஞ்சள் முனையின் நடு ஊசி டின் பிளக்கின் எந்த முனையோடு ஒலிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பிளக்கை எதிர்ப்புறமிருந்து பார்க்கும்போது எண்களின் வரிசை இடவலமாக மாறும் என்பதை மறக்க வேண்டாம். எட்டு முனைப் பிளக்குகளிலும் இரண்டு வகை இருக்கின்றன. கமடோருக்கு வேண்டியது 262 பாகை வளைவில் முனைகள் அமைந்த வகை, 270 பாகைப் பிளக்கை அழுத்தித் திணித்தால் சாக்கெட் தளர்ந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படம் நிலைகொள்ளவில்லை என்றால் கணினியையே சோதனைக் கருவியாக்கலாம். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 9ஐத் தட்டினால் எழுத்துகள் தலைகீழ் நிறத்துக்கு மாறும். அடுத்து கண்ட்ரோலுடன் 2ஐத் தட்டி, இடைவெளி விசையை நான்கைந்து முறை அழுத்துங்கள், ஒரு வெள்ளைக் கட்டை தோன்றும். பிறகு கண்ட்ரோலுடன் 3, 4, 5, 6, 7, 8 என்று ஒவ்வொன்றாகத் தட்டி இடைவெளி விசையை அழுத்திக்கொண்டே போனால் சிவப்பு, இளநீலப்பச்சை, ஊதா, பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒரு நிறப்பட்டை உருவாகிவிடும். நிறங்கள் வந்து, ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக மாறித் தெரிந்தால் குரோமா அலையின் கட்டத்தில் (ஃபேஸ்) கோளாறு. நிறம் வருவதும் போவதுமாக இருந்தால் படிகத்தின் அதிர்வெண் நகர்ந்திருக்கலாம், படிகத்துக்கு அருகில் திருகு மின்தேக்கி உள்ள பலகைகளில் அதைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை அளவு திருப்பினால் நிறம் நிலைக்கும். திருப்பும் முன் அதன் இருப்பை மெல்லிய பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நிறம் சுத்தமாக இல்லை, வயரும் தொலைக்காட்சியும் சரி என்றால்தான் விக்-2இன் 14ஆவது முனையிலிருந்து குரோமா வெளியேறுகிறதா என்று உள்ளே பார்க்க வேண்டும்.

உருளுதலுக்கும் கிழிதலுக்கும் இன்னும் எளிய சோதனை இருக்கிறது. போக் கட்டளையால் 53281ஆம் முகவரியில் 0ஐ இட்டால் (POKE 53281,0) பின்னணி கறுப்பாகும், 1ஐ இட்டால் வெள்ளையாகும். கறுப்பில் அசையாமல் நிற்கும் படம் வெள்ளையில் மேல் ஓரம் வளைந்தோ கிழிந்தோ போனால், வெளிச்சம் கூடும்போது ஒத்திசைவுத் துடிப்பு நசுக்கப்படுகிறது என்று அர்த்தம். காம்போசிட் சமிக்ஞை 75 ஓம் சுமையில் உச்சியிலிருந்து அடிவரை 1 வோல்ட் இருக்க வேண்டும், அதில் அடிப்பகுதியின் 0.3 வோல்ட் அளவுதான் துடிப்பின் பங்கு. தொலைக்காட்சிக்குள் அந்த 75 ஓம் சுமை இல்லாவிட்டால் சமிக்ஞை இரட்டித்து 2 வோல்ட் ஆகி, பெட்டியின் உள்ளீடு நிறைந்துபோய் வெள்ளை பொங்கி வழியும். மாறாக, டி வடிவ இணைப்பால் இரண்டு திரைகளுக்கு ஒரே நேரத்தில் கொடுத்தால் சமிக்ஞை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து படம் மங்கும். வெள்ளைக் கட்டைகளின் வலப்புறம் சாம்பல் நிற வால் நீண்டால் மட்டுமே, நீங்கள் கேட்ட மின்தேக்கி விவகாரத்துக்குள் போகலாம். சமிக்ஞைப் பாதையில் உள்ள மின்தேக்கி உலர்ந்து தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்குவதன் அடையாளம் அது. அப்போதும் மாற்ற வேண்டியவை மாடுலேட்டர் என்ற தகரப் பெட்டிக்குள்ளும் அதன் அருகிலும் உள்ள ஒரு சிலவே. லூமாவையும் குரோமாவையும் கலந்து காம்போசிட் ஆக்கும் சுற்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

திரையின் குறுக்கே அகலமான நிழற்பட்டை தெரிந்தால் மின்வழங்கியின் சிற்றலை, அதாவது முழுவதும் சீராகாத மின்னழுத்தத்தின் ஏற்றயிறக்கம், படத்தில் கலக்கிறது. பிஏஎல் கமடோர் விநாடிக்குத் திரை வரையும் 50.12 முறைக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கும் உள்ள வேறுபாட்டால் அந்தப் பட்டை ஏறக்குறைய எட்டு விநாடிக்கு ஒருமுறை திரையைக் கடந்து மெல்ல நகரும். என்டிஎஸ்சி கமடோரில் வேறுபாடு விநாடிக்குப் பத்து முறை என்பதால் பட்டையாகத் தெரியாமல் கண்ணை உறுத்தும் படபடப்பாகத் தெரியும். நீங்கள் ‘அவ்வப்போது உருள்கிறது’ என்று எழுதியதில் இந்தப் படபடப்பும் கலந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்; புதிய மின்வழங்கி வந்த பிறகு மீண்டும் பாருங்கள்.

பின்னாளில் ஒருநாள் படமே வராமல் போனால், ‘சிக்னல் இல்லை’ என்ற நிலையையும் கறுப்புத் திரையையும் வேறுபடுத்திப் பாருங்கள். பெட்டி அறிவிப்பு எதுவும் காட்டாமல் வெறும் கறுப்பாக நின்றால் ஒத்திசைவுத் துடிப்பு வந்துகொண்டிருக்கிறது, அதாவது விக்-2 உயிரோடு இருக்கிறது. சாதாரணமாகத் தொடக்கத்தில் வரும் நீலத்தைத் திரைக்கு இடுவது கணினியின் நிரல், அந்த நிரல் ஓடாததால்தான் கறுப்பு நிற்கிறது. ஆகவே அது காணொளிப் பழுது அல்ல, நினைவகம், பிஎல்ஏ, செயலி ஆகியவற்றின் பக்கம் போகவேண்டும். டெட் டெஸ்ட் என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜைப் போட்டால் திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்து எந்த நினைவகச் சில்லு பழுது என்று சொல்லிவிடும். மாறாக, சிவப்பு விளக்கு எரிந்தும் சமிக்ஞையே இல்லை என்றால் பலகையில் உள்ள சிறு ஃபியூஸைப் பாருங்கள். விளக்கு 5 வோல்ட்டில் எரிகிறது, ஆனால் பழைய நீளமான பலகைகளில் விக்-2க்கு வேண்டிய 12 வோல்ட்டும் தனி 5 வோல்ட்டும் 9 வோல்ட் மாறுமின்சாரத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்தப் பாதையில் உள்ள ஃபியூஸ் போனால் விளக்கு மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இதற்காக விக்-2 சில்லையே வாங்கி மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சில்லு இன்று எளிதில் கிடைப்பதில்லை.

அலைநோக்கி யாரிடமாவது கிடைத்தால் மஞ்சள் முனையில் 75 ஓம் மின்தடை வைத்து ஒரு வரியைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு 10 மைக்ரோவிநாடி, 0.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் வரியின் தொடக்கத்தில் 4.7 மைக்ரோவிநாடி நேரம் கீழே இறங்கி நிற்கும் ஒத்திசைவுத் துடிப்பும், அதைத் தொட்டாற்போல் நிறத்துக்கு அளவுகோலான ஒன்பது அலைகளுள்ள சிறு கற்றையும், பிறகு படமும் தெரியும். துடிப்பு இருந்து கற்றை இல்லை என்றால் நிறம் வர வாய்ப்பே இல்லை. இரண்டும் இருந்து தொலைக்காட்சியில் நிறம் இல்லை என்றால் கணினியில் தேடுவதை நிறுத்திவிடலாம்.

கணினியின் பின்னால் உள்ள ஆன்டெனா வெளியீட்டை முயலலாமா என்று சிலர் கேட்பார்கள். 2019 தொடக்கத்தோடு சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு முடிந்துவிட்டாலும் பழைய பெட்டிகளின் ட்யூனர் இன்னும் வேலை செய்யும். ஆனால் அமெரிக்கக் கணினியின் ஒலி படத்தின் அலையிலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் இங்குள்ள பெட்டி எதிர்பார்க்கும் ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் இருப்பதால், பல முறைகளை அறிந்த பெட்டியாக இல்லாவிட்டால் படம் வந்தாலும் ஒலிக்குப் பதில் இரைச்சல்தான் கேட்கும். காம்போசிட்டே நல்லது.

கடைசியாக, நம் ஊரின் ஈரக் காற்று. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில் பல ஆண்டுகள் சேமிப்பறையில் கிடந்த சாக்கெட்டின் உள் வளையங்கள் கறுத்துத்தான் இருக்கும். விட்டுவிட்டு வரும் ‘சிக்னல் இல்லை’ அறிவிப்புக்கு அதுவே முழுக் காரணமாகவும் இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, தொடர்புத் தூய்மைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, டின் பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுங்கள். படம் ஓடும்போது பிளக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்பப் படம் துள்ளினால் சாக்கெட்டின் கால்களைப் பலகையில் மீண்டும் பற்றவைக்க வேண்டும், இந்தக் கணினியில் நான் மனமுவந்து பரிந்துரைக்கும் ஒரே பற்றவைப்பு வேலை அதுதான். வேலை முடிந்தபின் கணினியைப் பழையபடி சேமிப்பறையில் வைக்காமல், புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் உலர் பெட்டி போன்ற ஒன்றில் வையுங்கள், பழைய மின்வழங்கியின் மீது ‘சொருக வேண்டாம்’ என்று எழுதிய தாளை ஒட்டி அதைத் தனியே எடுத்து வையுங்கள்.